உங்க கடை லோகோவில் உங்க கதை இருக்கா? சட்டமும் அதைத்தான் கேட்கிறது!

ஊறுகாய், ஹோம் பேக்கிங், கைத்தறிச் சேலை, ஆரி எம்பிராய்டரி... சொந்தமாக ஏதோ ஒன்றைத் தொடங்கி, பெயரும் வைத்தாச்சு. அடுத்த கேள்வி, “லோகோ ரெடியா?” இன்ஸ்டா பேஜ், வாட்ஸ்அப் டிபி, யுபிஐ ஸ்டிக்கர், பார்சல் கவர் என எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அவசரத்தில் மொபைல் ஆப்பைத் திறந்து, ஒரு டெம்ப்ளேட்டைப் பிடித்து, பெயரை மட்டும் மாற்றி வேலையை முடித்துவிடுவது ரொம்பச் சுலபம்.

சிக்கல் பிறகுதான் வரும். கவர் அச்சடித்து, போர்டு மாட்டிய பிறகு, அதே டெம்ப்ளேட்டில் பக்கத்து ஊரில் இன்னொரு கடை முளைக்கலாம். சரி, டிரேட்மார்க் பதிவு செய்துவிடலாம் என்று போனால், அங்கே கேள்வி எழும்: ‘இதில் உங்களுடையது என்று என்ன இருக்கிறது?’

மாங்காய் ஊறுகாய்க்கு மாங்காய் படமா?

ஊறுகாய்க்கு மாங்காய், பேக்கரிக்கு கப் கேக், சேலைக் கடைக்கு மயில். முதலில் தோன்றுவது இதுதான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். மாங்காய் படம், விற்பது என்ன என்று சொல்லும். விற்பது யார் என்று சொல்லாது.

டிரேட்மார்க் சட்டம் 1999-ன் 9-வது பிரிவும் இதைத்தான் பார்க்கிறது. பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் சொல்லும் அடையாளத்துக்கும், ஒருவரின் சரக்கை இன்னொருவரின் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டாத அடையாளத்துக்கும் பதிவு எளிதில் கிடைக்காது. சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு வடிவம் இங்கே கைகொடுக்கும். சென்டிமென்ட் போலத் தோன்றினாலும், தொழிலுக்கு அது பாதுகாப்பும்கூட.

பெரிய நிறுவனங்களிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஜெர்மனியின் காட்லீப் டெய்ம்லர், 1870-களில் டாய்ட்ஸ் நகரில் வேலை பார்த்தபோது ஒரு போஸ்ட் கார்டில் தன் வீட்டின் மேல் நட்சத்திரம் வரைந்தார். ஒருநாள் இந்த நட்சத்திரம் தன் தொழிற்சாலை மேல் ஒளிரும் என்று மனைவிக்கு எழுதினார். அவர் இறந்த பிறகு, மகன்கள் அதை நினைவில் வைத்துச் சொல்ல, 1909-ல் மூன்று முனை நட்சத்திரம் பதிவானது. அதுதான் இன்றைய மெர்சிடிஸ் லோகோ. லம்போர்கினி காரில் இருக்கும் காளையும் நிறுவனர் ஃபெருச்சியோவின் ரிஷப ராசியிலிருந்து வந்ததுதான். காருக்கும் காளைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததுதான் அதன் பலம்.

கதையை எப்படி வடிவமாக்குவது?

பாட்டியின் கைப்பக்குவத்தில் ஊறுகாய் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லோகோவில் என்ன வேண்டும் என்று கேட்டால், “பாட்டி முகம், ஜாடி, மாங்காய், எங்க ஊர் கோபுரம்” என்று அடுக்குவார். நாலும் உண்மைதான். ஆனால், ஓர் அங்குல இடத்தில் நாலையும் திணித்தால் எதுவும் தெரியாது.

கேள்வியை மாற்றிக் கேட்கலாம். ஊறுகாய் போடும்போது பாட்டி என்ன செய்வார்? ஜாடி வாயில் வெள்ளைத் துணியை விரித்து, இறுக்கி வேடு கட்டுவார். முடிச்சின் இரண்டு முனைகளும் முயல் காது மாதிரி நிற்கும். அந்த முடிச்சு போதும். ஒரே கோட்டில் வரைந்துவிடலாம். நாளைக்கு வடகம், பொடி என்று விற்பனை விரிந்தாலும் முடிச்சு பொருந்தும், மாங்காய் பொருந்தாது.

முதல் பார்வையிலேயே எல்லோருக்கும் அர்த்தம் புரிய வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். முழுக் கதையை இன்ஸ்டா பயோவிலோ பாக்கெட்டின் பின்பக்கத்திலோ சொல்லிக்கொள்ளலாம். லோகோ, ஒரு கையெழுத்து மாதிரி இருந்தால் போதும்.

ஆப்பிள் நிறுவனத்தின் 1976-ம் ஆண்டு முதல் லோகோ, மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் விரிவான ஓவியம். அடுத்த ஆண்டே ராப் ஜனோஃப் வரைந்த கடித்த ஆப்பிள் அந்த இடத்துக்கு வந்தது. அந்தக் கடி எதற்கு? சின்ன அளவில் பார்த்தால் செர்ரி பழம் என்று நினைத்துவிடக் கூடாதே, அதற்குத்தான்.

அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

டிபி அளவு: வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் படத்தை வட்டமாக வெட்டிவிடும். மூலையில் இருக்கும் எழுத்து காணாமல் போகும்.

ஒரே நிறம்: பில் மெஷினிலும் ரப்பர் ஸ்டாம்ப்பிலும் ஒரே நிறம்தான். கறுப்பு வெள்ளையில் நிற்காத லோகோ, நிழல் விழும் எஃபெக்ட்டால் மட்டும் அழகாக இருக்கிறது என்று அர்த்தம்.

லேபிள் நெரிசல்: உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குறியும் உரிம எண்ணும், சைவக் குறியான பச்சைப் புள்ளி, எடை, விலை, தேதி எல்லாம் பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும். மிச்ச இடம்தான் லோகோவுக்கு.

தமிழ் எழுத்து: தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தமிழ்ப் பெயரைக் கடைசியில் ஒட்டவைக்காமல், முதலிலேயே வடிவமைப்பது நல்லது. எழுத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். புள்ளி மறைந்து ‘க்’ என்பது ‘க’ ஆகிவிட்டால் ஃபான்ட்டை மாற்ற வேண்டும்.

ஃபைல்: பி.என்.ஜி. மட்டும் வாங்கினால் பேனரில் பெரிதாக்கும்போது கொசகொசவென்று உடையும். எஸ்.வி.ஜி., ஏ.ஐ. போன்ற வெக்டர் ஃபைலையும் டிசைனரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

சாமி படம் வைக்கலாமா?

மனசுக்கு நெருக்கமானது என்றால் பலருக்கும் முதலில் வருவது குலதெய்வம். பில் புக்கில் பிள்ளையார் சுழி போடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால், அதையே தனக்கு மட்டும் சொந்தமான லோகோ ஆக்குவது கஷ்டம். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய அடையாளங்களுக்கு டிரேட்மார்க் சட்டம் தடை போடுகிறது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைப் பதிவு செய்யக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கோர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசியக் கொடி, அரசுச் சின்னம், காந்தி படம் போன்றவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்த 1950-ம் ஆண்டின் தனிச் சட்டம் தடை விதிக்கிறது.

காசு கொடுத்தாச்சு, லோகோ நமக்குத்தானே சொந்தம்?

அப்படி நினைத்துவிட முடியாது. ஃப்ரீலான்ஸ் டிசைனர் வரைந்தால், காப்புரிமை அவரிடமே தங்கிவிடலாம். காப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-வது பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்துபூர்வமாக, கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற இரண்டு வார்த்தைகளை ஒப்பந்தத்தில் சேர்க்க மறக்க வேண்டாம்.

கேன்வா போன்ற ஆப்பில் நாமே செய்தால்? அதன் நூலகத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க் ஆக்க அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. அதே படத்தை வேறு யாரும் பயன்படுத்தலாம் என்பதுதான் காரணம். நாமே வரைந்த முடிச்சு என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

பதிவு செய்ய எவ்வளவு?

ஆன்லைனில் விண்ணப்பித்தால், தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மொத்தம் 45 வகுப்புகள். ஊறுகாய் 29-ம் வகுப்பு, மசாலா 30-ம் வகுப்பு. இரண்டும் விற்றால் இரண்டு கட்டணம். விண்ணப்பம் ஏற்கப்பட்டு இதழில் வெளியான பிறகு, யாரும் எதிர்ப்புத் தெரிவிக்க 4 மாத அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஏற்கெனவே இதேபோல் பெயரோ படமோ இருக்கிறதா என்று டிரேட்மார்க் இணையதளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். பதிவாகும்வரை லோகோ பக்கத்தில் ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது குற்றம்.

இவ்வளவு செலவுக்கும் முன்னால் காசில்லாமல் ஒரு டெஸ்ட் இருக்கிறது. கடையைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று பேரிடம் லோகோவை ஐந்து விநாடி காட்டுங்கள். பிறகு மொபைலை மூடிவிட்டு, பேப்பரில் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று பேரும் அந்த முடிச்சை வரைந்துவிட்டால் தைரியமாக பிரஸ்ஸுக்குப் போகலாம்.