இரண்டு நிமிஷ வைத்தியம்!

சங்கு ஊதிய பிறகு ஆலை வாசலுக்கு வருகிறவனின் தாமதத்தை நிமிஷக் கணக்கில் பார்த்துக் கூலியில் பிடிக்க முதலாளிக்குத் தெரிகிறது. சுற்றிய பீடியை எண்ணி, கழிவைத் தள்ளி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு முடிக்கத் தெரிகிறது. உழைப்பவனின் நேரத்துக்கு அளவுகோல் உண்டு. அதே உழைப்பாளி நோயாளியாகி டாக்டர் முன் உட்காரும்போது, அவனுக்குக் கிடைக்கும் நேரத்தை அளப்பவர் யார்?

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 67 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 2 கோடியே 85 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளைக் கணக்கிட்டு, 2017இல் பிரிட்டனின் மருத்துவ ஏடு ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு இருபத்திரண்டரை நிமிஷம். வங்காள தேசத்தில் 48 விநாடி. நம் இந்தியாவில் சுமார் இரண்டு நிமிஷம்! உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் ஐந்து நிமிஷமோ அதற்கும் குறைவோதான்.

'சீட்டு எழுத இரண்டு நிமிஷம் போதாதா?' என்று கேட்பார் உண்டு. சீட்டு எழுதப் போதும். கேள்வி கேட்கப் போதாது!

பாபநாசத்து நீர்விசையை நம்பி 19ஆம் நூற்றாண்டிலேயே நூற்பாலை எழுந்த பூமி, நம் தாமிரபரணிக் கரை. பஞ்சுத் தூசியால் வரும் நோய் ஒன்று உண்டு, பிசினோசிஸ் என்பார்கள். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். தொடக்கத்தில் மறுநாளே தணிந்துவிடும். 'என்ன வேலை? எந்தப் பிரிவு? எந்த நாளில் அதிகம்?' இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் வழி புலப்படும். கேட்காவிட்டால் அது வெறும் இளைப்பு. சட்டம் இதைத் தொழில்நோய் என்று ஏற்று நஷ்டஈட்டுக்கு வழி வைத்திருக்கிறது. கேளாத கேள்வியால் நோயும் முற்றுகிறது, உரிமையும் பறிபோகிறது!

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் நாளெல்லாம் தட்டின்மேல் குனிந்து, புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் தாய்மாரின் இருமலும் அப்படித்தான். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. 'எத்தனை நாளாக, அம்மா?' என்று கேட்க நேரமில்லாத இடத்தில் அந்த விதி காகிதத்தில் உறங்கும்.

டாக்டர்மீது பழி போடுகிறோமா? இல்லை. நான்கு மணி நேரத்துக்கு 240 நிமிஷம். வாசலில் 120 பேர் நின்றால் தலைக்கு இரண்டு நிமிஷம். தேவாதி தேவனே வந்து ஸ்டெதாஸ்கோப் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது! மருத்துவத்துக்கு அதிகம் செலவிடும் நாடுகளிலும், மக்கள்தொகைக்கு டாக்டர்கள் அதிகமுள்ள நாடுகளிலும் நோயாளிக்கு நேரமும் கூடியிருக்கிறது என்றே அந்த ஆய்வும் சொல்லுகிறது. ஆக, இது டாக்டரின் குணத்தைப் பற்றிய வழக்கல்ல. சர்க்காரின் கஜானாவைப் பற்றிய வழக்கு.

நெல்லைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 1965இல். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஏழைகளுக்கு ஆற்றும் தொண்டை நாம் மறக்கவில்லை. ஆனால் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கிராமத்தான் அங்கே பஸ் ஏற வேண்டுமா? ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து கேட்க டாக்டர் வேண்டாமா?

தோழர்களே! கையில் கடிகாரம் இருக்கிறது. நோயாளி உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் சங்கக் கிளைகள் ஒரு மாதம் கேட்டுக் குறித்து வையுங்கள். நோயாளியின் பெயரும் வேண்டாம், டாக்டரின் பெயரும் வேண்டாம், நிமிஷம் போதும். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீஸ் படியேறுவோம். எட்டு மணி நேர வேலை என்ற உரிமையும் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டுப் பெற்றதுதான். நம் உயிருக்கான நிமிஷங்களையும் அப்படியே கேட்போம்!