நீருக்குள் ஒரு பட்டினி

கோலி சோடாவைத் திறந்தவுடன் சீறிக்கொண்டு வெளிவருகிறதே, அந்தக் கரியமில வாயுதான் செடிகளுக்கு ஆகாரம். காற்றில் வளரும் செடிக்கு அதை நாம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. விடுதி அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து மீனோடு செடியும் வளர்க்கும் என் போன்றவர்களுக்கோ அதுவே பெருங்கவலை.

சென்ற ஆண்டு கொல்கத்தாவின் கலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு கட்டு கபோம்பா வாங்கி வந்து தொட்டியில் நட்டேன். மூன்றே வாரத்தில் இலைகள் வெளுத்துத் தண்டு அழுகத் தொடங்கிற்று. வெளிச்சம் போதவில்லை என்றார் என் அறை நண்பர். இன்னொரு விளக்கு வைத்தேன். பாசிதான் செழித்தது.

குறை வாயுவில் இருந்தது. திறந்து வைத்த ஒரு லிட்டர் நீரில், காற்றிலிருந்து கரையும் கரியமில வாயு அரை மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம்; அவ்வளவுதான். அதுவும் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இலையை ஒட்டியிருப்பதைச் செடி தின்று தீர்த்துவிட்டால் அடுத்த கவளம் வந்து சேர நெடுநேரமாகிறது.

பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்கடியில் வைத்துக் குமிழி எண்ணினோமே, நினைவிருக்கிறதா? அப்போது ஆசிரியர் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டது இதற்காகத்தான். ஹைட்ரில்லா கெட்டிக்காரச் செடி. பைகார்பனேட்டிலிருந்தும் தன் உணவை எடுத்துக்கொள்ளும். இதே கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்ததும் இச்செடியைக் கொண்டுதான். அந்நூல் 1924-இல் வெளிவந்தது. கபோம்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வாயுவாகவே ஊட்டவேண்டும்.

ஊட்டும் வழி எளிது. இரண்டு லிட்டர் புட்டியில் ஒன்றரை லிட்டர் நீர், 200 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி ஈஸ்ட். சர்க்கரை புளித்துச் சாராயமாகும்போது, அதன் எடையில் ஏறக்குறையப் பாதி கரியமில வாயுவாக வெளியேறும். மூடியில் துளையிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகி, இடையில் நீர் நிரம்பிய சிறு புட்டி ஒன்றின் வழியாகத் தொட்டிக்குக் கொண்டு சென்றேன். நுரை தொட்டிக்குள் போகாமல் அந்தச் சிறு புட்டி தடுக்கும். குழாய் அடைபட்டால் பெரிய புட்டி வெடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குழாயின் நுனியில் நுண்துளைக் கல் ஒன்றை மாட்டினேன். பத்தே நாளில் கபோம்பா துளிர்த்தது.

பிறகு மே மாதம் வந்தது. வெப்பத்தில் ஈஸ்டின் வேகம் கூடியதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. விளக்கை அணைத்தால் செடிகள் வாயுவை உண்பதை நிறுத்திவிடும். அவையும் மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியிடும். புட்டியோ இரவென்றும் பகலென்றும் அறியாது. ஒருநாள் விடியற்காலையில் ஏழு டெட்ரா மீன்களில் ஐந்து மிதந்தன. மற்ற இரண்டும் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நீரில் இவ்வாயு மிகுந்தால், மீனின் இரத்தத்திலுள்ள வாயு செவுள் வழியே வெளியேற முடியாது; இரத்தம் அமிலமாகிப் பிராண வாயுவைப் பற்றும் வலுவை இழக்கும். செடிக்கு இட்ட சோற்றால் மீனைக் கொன்றேன்.

அதன்பின் சோதனைச்சாலை வழக்கப்படி அளக்கத் தொடங்கினேன். 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள நீரில் புரோமோதைமால் நீலம் சில துளி கலந்து, சிறு கண்ணாடிக் குமிழில் ஊற்றி, தொட்டி நீரோடு கலவாமல் இடையே காற்று நிற்கும்படி உள்ளே தொங்கவிட்டேன். நிறம் பச்சையானால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், நீலமானால் குறைவு, மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும், அதுதான் இதிலுள்ள குறை. கல்லையும் எடுத்துவிட்டு, கவிழ்த்த கண்ணாடித் தம்ளருக்கடியில் வாயுவை விடுகிறேன், மெதுவாகக் கரைகிறது. இரவில் குழாயை வெளியே எடுத்துவிட்டுக் காற்றுப் பம்பை ஓட்டுகிறேன்.

மிஞ்சிய இரண்டு மீன்களும் நலம். விளக்கை அணைக்கும்போது, “குழாயை எடுத்தாயிற்றா?” என்று இப்போது அறை நண்பரே கேட்கிறார்.