சாம்பலாக வந்து சேரும் மாதிரிகள்

மயிலாப்பூரில் தரைக்கு அடியில் ஒரு ரயில் நிலையம் உருவாகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் - சிப்காட் தடமும் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடமும் சந்திக்கும் இடம் அது, திருமயிலை. இத்தகைய நிலையம் ஒன்றின் கணினி மாதிரியில் சுவரும் தூணும் மட்டுமா இருக்கும்? தீயணைப்புக் குழாய், தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்கம்பி செல்லும் தட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கட்டடக் கலைஞர் ஒரு மென்பொருளில் வரைவார், கட்டுமானப் பொறியாளர் இன்னொன்றில், குழாய் வடிவமைப்பவர் வேறொன்றில். எல்லாவற்றையும் சேர்த்துத் திறக்கும்போது எது எது என்று கண்ணுக்குச் சொல்வது நிறம்தான். நிஜக் குழாய்களுக்கே ஐஎஸ் 2379 என்ற இந்தியத் தர நிர்ணயம் தண்ணீருக்குக் கடல்பச்சை, காற்றுக்கு வான்நீலம், வாயுவுக்கு மஞ்சள் என்று நிறம் வகுத்து வைத்திருக்கிறது.

கணினியில் வடிவமைக்க உதவும் ஒரு கேட் (CAD) மென்பொருளில் வண்ணமயமாக இருந்த மாதிரி, இன்னொன்றில் திறந்ததும் மொத்தமும் சாம்பலாக நிற்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். அளவு இம்மிகூடப் பிசகியிருக்காது. துளை, வளைவு எல்லாம் அப்படியே இருக்கும். “கலர் போனா என்ன, ஷேப் சரியா இருக்கே” என்று சமாதானம் சொல்வார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த முகத்தைக் கடைய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை நிறம் போட்டுக் குறிக்கும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே நிறம் போனால் வேலைக்கான குறிப்பே போய்விடுகிறது.

ஏன் போகிறது? கேட் மென்பொருளுக்கு ஒரு பொருள் என்பது பரப்புகளும் விளிம்புகளும் சேர்ந்த கணக்கு. உருளை என்றால் அச்சு, ஆரம், நீளம். அந்தக் கணக்கில் நிறத்துக்கு வேலையே இல்லை. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயரை வெட்டியும் கொடுக்கலாம், காகிதத்தில் எழுதி ஒட்டியும் கொடுக்கலாம். கேட் கோப்பில் நிறம் ஒட்டிய காகிதம். யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தக்கூடிய ஃப்ரீகேட் மென்பொருளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கட்டு. பிரித்தால், பொருளின் வரையறை ஓர் ஆவணத்திலும், திரையில் அது எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பது தனியாக வேறோர் ஆவணத்திலும் இருக்கும்.

எங்கே ஒட்டுவது என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு முகத்துக்கு மட்டும் நிறம் தரலாம், முழுத் திண்மத்துக்குத் தரலாம், பாகத்துக்குத் தரலாம், பல பாகங்கள் சேர்ந்த கோப்பில் மேலிருந்தும் தரலாம். நான்கும் முரண்பட்டால் யார் சொல் செல்லும் என்பதற்கு ஒவ்வொரு மென்பொருளும் தனி வரிசை வைத்திருக்கிறது. மேலிருந்து பூசிய நிறத்தை வாங்கும் மென்பொருள் படிக்காவிட்டால், அடியில் இருக்கும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். ஆட்டோகேடில் இன்னொரு நுட்பம். அங்கே பெரும்பாலான கோடுகளுக்குச் சொந்த நிறம் கிடையாது. ‘பைலேயர்’ என்று, தாம் இருக்கும் அடுக்கின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். மயிலாப்பூர் அலுவலகத்தில் நீலமாக இருந்த அடுக்கின் பெயரிலேயே அடையாறு அலுவலகத்தின் கோப்பில் ஒரு சிவப்பு அடுக்கு இருந்தால், வந்து சேர்ந்த கோடுகள் சிவப்பாகிவிடும். பிளாட்டரில் அச்சிடும்போது நிறத்தை வைத்துக் கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், தாளில் சுவர்க் கோட்டின் தடிமனும் மாறிப்போகும்.

கைமாற்றும் கோப்புகளுக்கென்றே பொது வடிவங்கள் உண்டு. 1980இல் வெளியான ஐஜெஸ், நிறங்களுக்கு எண் கொடுத்தது. அதில் 2 என்றால் சிவப்பு. ஆட்டோகேடின் பட்டியலில் 2 என்றால் மஞ்சள். இடையில் மொழிபெயர்க்கும் நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்து வந்தது ஸ்டெப், அதாவது ஐஎஸ்ஓ 10303. 1994இல் அதன் முதல் பாகங்கள் வெளிவந்தபோது, பரவலாகப் பயன்பட்ட ஏபி 203 வகையில் நிறத்துக்கு இடம் தரப்படவில்லை. வாகனத் துறைக்கான ஏபி 214 அதைச் சேர்த்துக்கொண்டது. 2014இல் வந்த ஏபி 242 இரண்டையும் ஒன்றாக்கியது. ஏற்றுமதிப் பெட்டியில் பழைய 203 தேர்வாகியிருப்பதைக் கவனிக்காமல் ‘சரி’ என்று அழுத்துவதே நிறம் தொலைவதற்கு அடிக்கடி காரணமாகிறது.

முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் 1987லிருந்து வழக்கில் உள்ளது. அது முக்கோணங்களை மட்டுமே அறியும். தி. நகர் உஸ்மான் சாலையின் நகைக்கடைகளில் பார்ப்பதைப் போன்ற ஒரு மோதிரத்தை மெழுகில் அச்செடுக்க அதுவே போதும். மெழுகுக்கு ஒரே நிறம், கல்லின் சிவப்பு அங்கே தேவைப்படாது. ஆனாலும் எஸ்டிஎல்லின் இரும வடிவில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இரண்டு பைட் காலியாக விடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் நிறத்தை நுழைத்தவர்கள் உண்டு. விஸ்கேம் மென்பொருள் அதில் நீலத்தை முதல் பிட்டுகளில் வைத்தது, மெட்டீரியலைஸின் மேஜிக்ஸ் சிவப்பை முதலில் வைத்தது. ஒன்றின் கோப்பை மற்றதன் நிற வரிசைப்படி படித்தால் சிவப்பு நீலமாகும், நீலம் சிவப்பாகும். சிவப்பான தீயணைப்புக் குழாய் நீலக் காற்றுக் குழாயைப் போலத் தெரியும். சாம்பலாக வந்தாலாவது சந்தேகப்படுவோம். இது சந்தேகமே எழுப்பாது என்பதால் இன்னும் மோசம். ஓபிஜே வடிவத்தில் நிறம் எம்டிஎல் என்ற துணைக் கோப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஓபிஜேயை மட்டும் அனுப்பினால் நிறம் அனுப்பியவரின் கணினியிலேயே தங்கிவிடும்.

எனவே நிறத்தை மட்டும் நம்பி எந்தத் தகவலையும் அனுப்பக்கூடாது என்பது என் கருத்து. சிவப்புக் குழாய்க்குத் ‘தீயணைப்பு’ என்று பாகப் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். நிறம் போனாலும் பெயர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பெரிய கோப்பை அனுப்பும் முன் ஒரு கனசதுரத்தை வரைந்து, ஒரு முகத்துக்கு ஒரு நிறம், உடலுக்கு வேறு நிறம், சேர்ப்புக் கோப்பில் இன்னொரு நிறம் தந்து அனுப்பி, எதிர்ப்பக்கம் எது தெரிகிறது என்று கேட்கலாம்.

நிறம் வரவில்லையென்றால் பழி யார்மேல் என்பதையும் எளிதில் கண்டுபிடிக்கலாம். ஸ்டெப் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது, நோட்பேடிலேயே திறக்கும். அதில் கலர் என்ற சொல்லை, ‘யு’ சேர்ந்த பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில், தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மூன்று எண்கள் இருக்கும்: சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு. சில நிறங்கள் பெயராகவே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சொல் இருந்தால் அனுப்பியவர் நிறத்தையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். திறப்பவரின் இறக்குமதி அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். சொல்லே இல்லையென்றால் கோப்பை 214 அல்லது 242இல் மறுபடி எழுதி வாங்க வேண்டும்.