பீரியட்ஸ் வலியில் மனைவி துடிக்கிறாரா? சுக்கு காபி போடுவதற்கு முன் கணவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"வேணாம். கொஞ்ச நேரம் பேசாம விடுங்க, போதும்."

மாதம் ஒருமுறையாவது பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல், கணவர் மொபைலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். அக்கறை இல்லாமல் இல்லை. ஸ்கூலில் அந்தப் பாடம் வந்தபோது "இதை வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போன தலைமுறைதானே நாமெல்லாம்? எங்கள் டெஸ்க்கில் உள்ள ஆண்களிடம் கேட்டேன். "சுக்கு காபி போட்டுக் கொடுப்பேன்" என்பதுதான் அதிகபட்ச பதிலாக இருந்தது.

சுக்கு காபி தப்பில்லை. ஆனால் மாதவிடாய் வலியைப் பொறுத்தவரை, வலி வந்த பிறகு செய்யும் உதவியை விட, வருவதற்கு முன்பு செய்யும் உதவிதான் பெரிசு. ஏன் என்று புரிய, அந்த வலி எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வலி எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உள்சுவர் தடித்து வளர்கிறது. கரு தங்கவில்லை என்றால் அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறும். அந்த நேரத்தில் உள்சுவரில் இருந்து 'புரோஸ்டாகிளாண்டின்' என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. இது கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்க வைக்கும். தசை அழுத்திச் சுருங்கும்போது அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் நசுங்கி, ஆக்சிஜன் குறைகிறது. ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு அலறி எழுந்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுபோல ஒன்று அடிவயிற்றுக்குள் விட்டு விட்டு, மணிக்கணக்கில் நடந்தால் எப்படி இருக்கும்?

பிரசவ வலியை வரவழைக்க ஆஸ்பத்திரியில் ஜெல் வைப்பார்கள் இல்லையா? அதில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான். அந்த அளவுக்கு வலுவான பொருள் இது.

இந்தப் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையோடு நிற்பதில்லை. குடலையும் தூண்டிவிடும். அதனால்தான் சிலருக்கு அந்த நாளில் வாந்தி, லூஸ் மோஷன், தலைவலி எல்லாம் சேர்ந்து வரும். "நேத்து வெளியே சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்று நீங்கள் நினைப்பது பல நேரம் இதுவாகத்தான் இருக்கும். இடுப்பு, முதுகு, தொடை வரை வலி இறங்குவதும் வழக்கம்.

இன்னொரு விஷயம். வலி கடுமையாக உள்ள பெண்களுக்கு இது மற்றவர்களை விட அதிகமாகச் சுரக்கிறது என்பது ஆய்வுகளில் அளந்து பார்த்தே சொல்லப்பட்டது. ஆகவே "எங்க அக்கா, தங்கச்சிக்கெல்லாம் இப்படி இல்லையே" என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. உங்கள் அக்காவின் உடம்பு வேறு, உங்கள் மனைவியின் உடம்பு வேறு.

2022-ல் கேரளாவின் கொச்சியில், ஒரு ஷாப்பிங் மாலில் ஆண்களின் வயிற்றில் எலக்ட்ரிக் பட்டைகளை ஒட்டி, பீரியட்ஸ் வலியைப் போன்ற உணர்வைக் கொடுக்கும் நிகழ்ச்சி நடந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர்கள் நெளிந்து, கத்தி, "போதும் போதும்" என்று எழுந்த வீடியோக்கள் வைரலாகின. பக்கத்தில் நின்ற பெண்கள் அதே மெஷினை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அவர்கள் முகத்தில் வலி தெரியவில்லை என்பதற்கு வலி இல்லை என்று அர்த்தமில்லை. பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் கேட்கும் "ஒண்ணும் இல்ல"வும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

மாத்திரை: எப்போது என்பதுதான் விஷயம்

மெஃபனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஏற்கெனவே சுரந்து வேலையை ஆரம்பித்துவிட்டதை அவற்றால் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் ரத்தப்போக்கு ஆரம்பித்தவுடன், அல்லது வலி தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடனே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் டாக்டர்கள். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். "முடிஞ்ச வரைக்கும் தாங்கிப் பார்ப்போம்" என்று மதியம் வரை பல்லைக் கடித்துவிட்டு, சுருண்டு விழுந்த பிறகு மாத்திரையைத் தேடுகிறார்கள். அப்போது வீட்டில் ஸ்ட்ரிப் காலியாக இருக்கும். சாப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும்.

கணவருக்கான வேலை இங்கேதான் இருக்கிறது. அவர் சம்மதத்தோடு தேதியை உங்கள் மொபைல் காலண்டரிலும் குறித்து வையுங்கள். இரண்டு நாள் முன்பே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, நாப்கின், வெந்நீர் பை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நாப்கின் வாங்குவது அவர் வேலை, மெடிக்கல் ஷாப்பில் நியூஸ் பேப்பரில் சுற்றித் தந்தால்தான் வாங்குவேன் என்ற கூச்சமெல்லாம் இன்னும் வேண்டுமா? அன்று காலை இரண்டு இட்லியாவது சாப்பிட வைத்து, அதன் பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுங்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு. அல்சர், கிட்னி பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாத்திரைகளை டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. கூடவே காய்ச்சலும் இருந்து டெங்கு சந்தேகம் என்றால் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து அதிகமாகும். பீரியட்ஸ் தேதி தள்ளிப்போய் வலி வந்திருந்தால், முதலில் கர்ப்பமா என்று டெஸ்ட் பண்ணிவிடுங்கள். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொரு வகை வலி மாத்திரையைச் சேர்த்துப் போடுவதும் தப்பு.

மெஃபனாமிக் அமிலம் பற்றி 2023 நவம்பரில் இந்தியன் பார்மகோபியா கமிஷன் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். மிக அரிதாகச் சிலருக்கு காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு வரை கொண்டுபோகும் அலர்ஜி வரலாம் என்பதுதான் அது. மருந்துக்குத் தடை இல்லை. ஆனால் மாத்திரை எடுத்த சில வாரங்களுக்குள் இப்படித் தடிப்போடு காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் அந்த மாத்திரை பெயரைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் கொடுத்தார், வாங்கிப் போட்டேன் என்று வருஷக்கணக்கில் ஓட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

"மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை நிக்காது" என்று பயமுறுத்தும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். மாதவிடாயின் முதல் ஓரிரு நாள் மட்டும், டாக்டர் சொன்ன அளவில் எடுப்பதால் குழந்தையின்மை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மாத்திரை வேண்டாம் என்றால்?

சூடு நன்றாக வேலை செய்கிறது. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் தொடர்ந்து மிதமான சூடு வைத்தது ஐபுப்ரோஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்தது. வெந்நீர் பையைத் துண்டில் சுற்றி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். பையை வைத்தபடியே அவர் தூங்கிவிட்டால் எடுத்துவிடுங்கள், தோல் வெந்துபோகும்.

இஞ்சி வலியைக் குறைக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆக சுக்கு காபிக்கு ஒரு மார்க் கொடுக்கலாம். வெந்தயம், உளுந்தங்களி எல்லாம் அவருக்குப் பிடித்தால் செய்து கொடுங்கள், மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம். மற்ற நாட்களில் வாரம் மூன்று முறை முக்கால் மணி நேரம் நடையோ உடற்பயிற்சியோ செய்தால் அடுத்தடுத்த மாதங்களில் வலி குறைய வாய்ப்பிருக்கிறது. அந்த முக்கால் மணி நேரம் அவருக்குக் கிடைக்க, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

அம்மாவிடம் யார் சொல்வது?

கூட்டுக் குடும்பத்தில் வலியை விடக் கஷ்டம், வலிக்கிறது என்று சொல்வது. "நாங்கெல்லாம் இந்த நாள்லயும் மாவாட்டினோம்" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார் என்று பயந்தே எத்தனை மருமகள்கள் அடுப்படியில் நிற்கிறார்கள்? இங்கே வெந்நீர் பையை விடப் பெரிய உதவி, "அம்மா, இன்னைக்கு அவளுக்கு முடியல. சமையல் நான் பாத்துக்கறேன்" என்று மகன் தன் வாயால் சொல்வது. மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு பின்னால் நிற்கும் கணவரால் எந்தப் பயனும் இல்லை.

சமைக்கப் போனால் முழுசாகச் சமையுங்கள். "உப்பு எங்க?", "சீரகம் எந்த டப்பா?", "குக்கர் எத்தனை விசில்?" என்று படுக்கையறைக்குப் பத்து முறை வந்து கேட்டால் அவர் படுத்திருந்தும் சமையல் பண்ணுகிறார் என்றுதான் கணக்கு.

இடுப்பைப் பிடித்துவிடலாமா, தனியாக விட வேண்டுமா? ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லா இருக்கும், சிலருக்கு தொட்டாலே எரிச்சல் வரும். வலியின் நடுவில் இதைக் கேட்டால் பதில் வராது. ஒரு சாதாரண நாளில், டீ குடிக்கும்போது கேளுங்கள். அப்புறம், அவர் கோபப்பட்டால் "பீரியட்ஸா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபத்துக்கு வேறு நியாயமான காரணம் இருக்கலாம், பல நேரம் நீங்களே கூட.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

"ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்." இந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது. நோய் எதுவும் இல்லாமல் வரும் சாதாரண மாதவிடாய் வலி, பிரசவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைகிறது. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயால் வரும் வலிக்கு இது பொருந்தாது.

கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் பக்கத்திலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலகில் மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் ஒருவர். ஆனால் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று அம்மா, ஸ்கூல், ஆபீஸ், சில சமயம் டாக்டரே சொல்லிவிடுவதால், நோய் என்னவென்று தெரியவே பல வருஷங்கள் ஆகிவிடுகின்றன. சிலருக்கு குழந்தையின்மைக்காக ஆஸ்பத்திரி ஏறும்போதுதான் தெரிய வருகிறது.

கவனிக்க வேண்டியவை இவை: மாத்திரை, சூடு எதற்கும் அடங்காத வலி, வருஷத்துக்கு வருஷம் கூடும் வலி, இதுவரை இல்லாமல் 25, 30 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த வலி, பீரியட்ஸ் இல்லாத நாட்களிலும் அடிவயிற்று வலி, மலம் கழிக்கும்போதோ தாம்பத்திய உறவின்போதோ வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தப்போக்கு. இதில் உறவின்போது வரும் வலி என்பது கணவரும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட அறிகுறி. ஆனால் பெரும்பாலான பெண்கள் கடைசியாகச் சொல்வது இதைத்தான், பலர் சொல்வதே இல்லை.

தேதி தள்ளிப்போன நிலையில் ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலி, மயக்கம் வந்தால் அது கருக்குழாயில் கரு தங்கியதாக இருக்கலாம். வெந்நீர் பை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள். வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருக்காமல், அவர் விரும்பினால் உள்ளேயும் போங்கள். மூன்று மாதக் குறிப்பை எடுத்துப் போவது நல்லது: எந்தத் தேதியில் வலி, எத்தனை நாள், எத்தனை மாத்திரை, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை. "கொஞ்சம் வலிக்கும் டாக்டர்" என்று அவர் சுருக்கிச் சொல்லும்போது, "இல்ல டாக்டர், போன மாசம் ரெண்டு நாள் எழுந்திருக்கவே முடியல, வாந்தி எடுத்தாங்க" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சாதாரண ஸ்கேன் நார்மல் என்று வந்தால் அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆரம்ப நிலை எண்டோமெட்ரியோசிஸ் பல நேரம் அதில் தெரிவதில்லை. வலி தொடர்ந்தால் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையாக ஹார்மோன் மாத்திரை எழுதித் தரலாம். அதில் சில, கருத்தடைக்கும் பயன்படுபவை. கவரைப் பார்த்து வீட்டில் யாராவது "இது எதுக்கு இவளுக்கு?" என்று கேட்டால், டாக்டர் ரூமுக்குள் கூட இருந்த நீங்கள் பதில் சொல்லிவிடலாம்.