வெளிச்சம் வராத ஆண்டுகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனையில் எங்கள் தேவாலயத்தில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். வேத வசனம் ஒன்று அச்சிட்ட சிறிய அட்டை. ஜெபம் செய்துவிட்டு ஒன்றை எடுப்போம். வரும் ஆண்டுக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை அது என்று வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குக் கிடைத்தது சுகம் தருவதாகச் சொல்லும் வசனம். அந்த மார்ச் மாதமே அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சை தொடங்கியது.

“இந்த அட்டை இன்னும் எதுக்கும்மா?” என்று ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன்.

“இருக்கட்டும்மா.”

“அப்பாவுக்குச் சரியாயிடும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அவரைக் கிளப்பணும். அது தெரியும்.”

கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்மா நழுவுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அன்னை தெரேசாவின் கடிதங்களைப் பற்றி அறிந்த பிறகே அந்தப் பதில் எனக்கு விளங்கத் தொடங்கியது.

கடிதங்கள் சொன்ன உண்மை

1910இல் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர் அன்னை தெரேசா. 1929இல் இந்தியா வந்து, கல்கத்தாவில் லொரேட்டோ கன்னியர் நடத்திய பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்குத் தொண்டு செய்யும்படி இறைவன் தம்மை அழைப்பதாக உணர்ந்தார். 1948இல் மடத்தை விட்டு வெளியேறி, சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

அதுவரை அவருக்கு மிக நெருக்கமாக இருந்த இறைவன், பணி தொடங்கிய அந்தக் காலத்திலேயே மறைந்துபோனதுபோல் ஆனார். ஜெபித்தால் உள்ளே வெறுமை, கூப்பிட்டால் மௌனம். இதை அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளான குருக்களுக்கு மட்டுமே எழுதினார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் வேண்டினார். ஆனால், அவை பாதுகாக்கப்பட்டு, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல் நூலாக வெளிவந்தன. உலகம் திகைத்தது.

1958இல் போப்பாண்டவர் 12ஆம் பயஸின் ஆன்ம சாந்திக்காக நடந்த திருப்பலியின்போது அந்த இருள் விலகியது. சில வாரங்கள்தான். பிறகு திரும்பிவந்த இருள் இறுதிவரை நீடித்தது என்கின்றனர் கடிதங்களைத் தொகுத்தவர்கள்.

1952இல் காளிகாட்டில் மரணப்படுக்கையில் இருப்போருக்கான இல்லத்தைத் திறந்தது, 1979இல் நோபெல் அமைதிப் பரிசு பெற்றது என உலகம் அறிந்த அவரது பணிகள் எல்லாம் இந்த இருளுக்குள்தான் நடந்தன.

தெளிவைத் தேடி வந்தவர்

ஜான் கவனா என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு, வாழ்க்கையில் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கல்கத்தா சென்றார். “உங்களுக்காக நான் எதை வேண்டிக்கொள்ளட்டும்?” என்று அன்னை கேட்க, தெளிவு கிடைக்க வேண்டும் என்றாராம். அன்னை மறுத்துவிட்டார். தமக்குத் தெளிவு ஒருபோதும் இருந்ததில்லை, இருந்தது நம்பிக்கை மட்டுமே, அதையே அவருக்காகவும் வேண்டுவதாகச் சொன்னார் என்று இந்தச் சந்திப்பைக் கூறுவார்கள்.

கடிதங்களைப் படித்த எல்லாரும் இப்படிப் பார்க்கவில்லை. அவர் விசுவாசத்தையே இழந்துவிட்டார் என்பதற்கு இவை சான்று என்றார் எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ். நேர்மையான கேள்விதான். விசுவாசம் என்பது ஓர் உணர்வு மட்டும் என்றால் அவர் சொன்னது சரி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும் விசுவாசம்தான் என்றால், அதிகாலையில் எழுந்து நோயாளிகளிடம் போன ஒவ்வொரு நாளும் அன்னை அதை வாழ்ந்திருக்கிறார்.

நம் வீடுகளில்

வேலை மாற்றம், திருமணம், வீடு வாங்குவது என எதற்கும் நம்மில் பலர் ஓர் உறுதியான அடையாளத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். அடையாளம் வராதபோது விசுவாசம் போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். நோயாளியின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்பவர்களும் உண்டு. அப்பாவிடமும் சொன்னார்கள். ஏற்கெனவே சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதற்கு அது சமம்.

ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று அறியாமலே புறப்பட்டதாக வேதம் சொல்கிறது. நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டான். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் தெரியாதது மிச்சம் இருக்கும். அங்கேதான் விசுவாசத்தின் வேலை தொடங்குகிறது.

நான்கு ஆண்டு சிகிச்சைக்குப் பின் அப்பா காலமானார். அந்த அட்டை சொன்ன சுகம் நாங்கள் கேட்ட விதத்தில் வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால், அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அப்பா தனியாகச் சிகிச்சைக்குப் போகவில்லை.

கடந்த டிசம்பரிலும் அம்மா ஓர் அட்டை எடுத்தார். என்ன வசனம் என்று கேட்டேன்.

“கண்ணாடி கொண்டுவரலம்மா. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று சொல்லி அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.