ஹீரோ கார் இல்லை, லாரி!

ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் பின்கதவு திறக்கிறது. சரிவுப் பலகை ஒன்று ரோட்டை உரசிக்கொண்டு இறங்குகிறது. பின்னால் வந்த கார் அதில் சர்ரென்று ஏறி உள்ளே மறைகிறது. லாரி ஓரம் கட்டுகிறது. வெளியே வரும்போது அதே காரில் எண்ணெய் கொட்டும் குழாய் முளைத்திருக்கிறது! அடுத்த முறை ஏறினால் புகை கக்கும் பெட்டி. அதற்கடுத்த முறை ஹெலிகாப்டரையே கவிழ்க்கும் ஏவுகணை!

இது 'ஸ்பை ஹன்டர்'. சிகாகோவின் பேலி மிட்வே நிறுவனம் 1983-இல் இறக்கிய ஆர்கேட் விளையாட்டு. உளவாளி, கார், துப்பாக்கி, துரத்தல் என்று இன்றைக்கு வருகிற மிஷன் விளையாட்டுகளுக்கெல்லாம் இதுதான் தாத்தா. நாற்பது வருடமாக எல்லோரும் அந்தக் காரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். லாரி செய்கிற ஊரான ஓசூரில் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும். அந்த லாரி வராவிட்டால் கதாநாயகன் கதி என்ன? வெறும் மெஷின்கன்னோடு சுற்ற வேண்டியதுதான். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஷிப்டு பார்த்தவருக்குக்கூடத் தெரியும், லோடு வராவிட்டால் லைன் நிற்கும் என்று!

சரி, திரைக்குப் பின்னால் போவோம். இதை வடிவமைத்தவர் ஜார்ஜ் கோமஸ். மனிதருக்கு ஜேம்ஸ் பாண்ட் பித்து. விளையாட்டே பாண்ட் பெயரில், பாண்ட் இசையோடு வந்திருக்க வேண்டியது. உரிமை கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 1958-இல் தொடங்கிய 'பீட்டர் கன்' என்ற துப்பறியும் டிவி தொடருக்கு ஹென்றி மான்சினி போட்ட இசையை எடுத்து மின்னணு ஒலியில் ஓட விட்டார்கள். தடதடவென்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும் அந்த பேஸ் இருக்கிறதே, அது காதில் விழுந்தால் கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தேடும். பாண்ட் இசை கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது என்பது என் கட்சி.

எதிரிகளைப் பாருங்கள்! சக்கரத்திலிருந்து கத்தி நீட்டி நம் டயரைக் கிழிக்க வருகிறவன் ஒருவன். இன்னொருவன் கார் மேல் குண்டே பாயாது. இடித்துத்தான் ரோட்டை விட்டுத் தள்ள வேண்டும். லிமோசின் ஜன்னலிலிருந்து சுடுகிறவன் மூன்றாமவன். மேலே ஹெலிகாப்டர் வேறு, குண்டு போட்டுக்கொண்டே வரும். இதற்கு நடுவே வம்புதும்பு இல்லாமல் தன் பாட்டுக்குப் போகிற பொதுஜனமும் உண்டு. அவர்களைச் சுட்டால் கொஞ்ச நேரத்துக்கு பாயிண்ட் ஏறாது. சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் பேருந்தும் டிப்பரும் இரண்டு பக்கமும் நெருக்க பைக் ஓட்டியவர்களுக்கு இந்த ஆட்டத்தில் தனிப் பயிற்சி தேவையே இல்லை!

ஓடுகிற லாரிக்குள் ஓடுகிற கார் ஏறினால் முன்சுவரில் போய் முட்டாதா? முட்டாது! லாரி மணிக்கு 80 கிலோமீட்டர், கார் 85 என்று வையுங்கள். லாரித் தளத்தைப் பொறுத்தவரை கார் வருவது 5 கிலோமீட்டர் வேகத்தில்தான், அதாவது ஆள் நடக்கிற வேகம். சக்கரம் மட்டும் 85-க்குச் சுழன்றுகொண்டிருக்கிறதே என்பீர்கள். முழுக் காரின் எடைக்கு முன்னால் சக்கரத்தின் எடை கொசு. பலகையைத் தொட்டதும் டயர் ஒரு கணம் கிறீச்சிட்டு வேகம் இழக்கும். மிச்சமிருக்கும் சுழற்சிக்கு டன் கணக்கான காரைத் தூக்கி எறியும் தெம்பு கிடையாது. டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். 'தி இத்தாலியன் ஜாப்' படத்தில் 1969-லேயே குட்டி மினி கார்கள் ஓடும் பேருந்துக்குள் ஏறின. 'நைட் ரைடர்' தொடரின் பேசும் காருக்கும் கன்டெய்னர் லாரிதான் வீடு. 'மித்பஸ்டர்ஸ்' டிவி குழு நிஜமாகவே செய்து காட்டிவிட்டது. நீங்கள் தேசிய நெடுஞ்சாலை 44-இல் முயன்று பார்க்க வேண்டாம், கிருஷ்ணகிரி டோலில் உங்களைத் தேடுவார்கள்.

அந்த 44-ஆம் எண் சாலையைத்தான் சொல்ல வந்தேன். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்தது, 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்'. தமிழ் உளவாளி பிறந்து வளர்ந்த இடம் அது. அதே சாலையில் வடக்கே வந்தால் ஓசூர். 1980 முதல் அசோக் லேலண்ட் இங்கே லாரி செய்கிறது. பி.எம்.டபிள்யூ ஜி 310 பைக்குகளை டி.வி.எஸ். உருவாக்கியதும் இங்கேதான். 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் பாண்ட் பறந்ததும் ஒரு பி.எம்.டபிள்யூ பைக்தானே! மாநில எல்லையான ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாக இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர். அங்கே வீடியோ கேம் செய்கிறார்கள். உளவாளி, வண்டி, விளையாட்டு, மூன்றும் ஒரே ரோட்டில்!

பெங்களூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்போம். ராஜேஷ் ராவ் 1997-இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் ஆரம்பகால கேம் ஸ்டுடியோக்களில் முதல் வரிசை. பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸுக்காக 'மிஷன் இம்பாசிபிள்' விளையாட்டின் கணினி வடிவத்தில் வேலை பார்த்தார்கள். ஆக, உளவாளி முதலிலேயே வந்துவிட்டார்! பிறகு 'ஃபோர்ஸா' பந்தய வரிசைக்கும் பங்களித்தார்கள். 2019-இல் 'ஜி.டி.ஏ.' விளையாட்டு வரிசைப் புகழ் ராக்ஸ்டார் துருவாவை வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது.

ஜி.டி.ஏ. உலகத்தில் உளவுக் கார் இல்லாமலா? 2013-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் 'ஜே.பி. 700' என்றொரு கார், பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5-ஐ அப்படியே கிண்டல் செய்வது. சினிமா செட்டிலிருந்து அதைத் திருடுவதுதான் மிஷன். முன்னால் துப்பாக்கி சுடும், பின்னால் ஆணி கொட்டும், பக்கத்து இருக்கை ஆளோடு வானத்துக்குப் பறக்கும்! 2017 டிசம்பரில் ஆன்லைன் வடிவத்தில் 'ஸ்ட்ராம்பர்க்' வந்தது. தண்ணீருக்குள் முங்கி நீர்மூழ்கியாகும் கார். 1977 பாண்ட் படத்து வில்லனின் பெயர் அது. அந்தப் படத்துக்காகச் செய்த நிஜ லோட்டஸ் நீர்மூழ்கியை 2013 லண்டன் ஏலத்தில் எலான் மஸ்க் தட்டிக்கொண்டு போனது தனிக் கதை.

நம்மூர் ரோட்டிலும் உளவு நடக்கிறது, சத்தமில்லாமல். உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டிய பைக்கோ ஸ்கூட்டரோ உங்களை ஓவர்டேக் செய்தால் உற்றுப் பாருங்கள். இன்னும் வெளிவராத மாடல் அது. அந்தச் சுழல் அழகுக்கு இல்லை. மடிப்பு எங்கே, விளிம்பு எங்கே என்று கேமராவைக் குழப்புவதற்கு. அதைத் துரத்திப் படம் எடுக்க வாகனப் பத்திரிகைகள் துடிக்கும். அந்தப் படத்துக்குப் பெயரே 'ஸ்பை ஷாட்'!

கோமஸ் என்ன ஆனார்? பின்பால் இயந்திர வடிவமைப்பில் பெரிய கையானார். 2022-இல் ஸ்டெர்ன் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ஜேம்ஸ் பாண்ட் பின்பால் வந்தது. வடிவமைப்பு, சாட்சாத் ஜார்ஜ் கோமஸ். முப்பத்தொன்பது வருடம் கழித்துக் கிடைத்த லைசென்ஸ்!

ராக்ஸ்டார்க்காரர்களே, பக்கத்தூர்தானே, ஒரு மிஷன் சொல்கிறேன், காசு வேண்டாம். போச்சம்பள்ளியிலிருந்து ரகசிய பேட்டரியோடு ஸ்கூட்டரில் கிளம்பி ஜூஜூவாடியைத் தாண்ட வேண்டும். ஸ்கூட்டர் மின்சாரம், எனவே எதிரிக்கு வருவதே கேட்காது. துரத்துகிறவனை வழுக்கி விழ வைக்க எண்ணெய் எதற்கு, கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் பேரல் பேரலாக இருக்கிறது. பாலம் உடைந்திருந்தால் கே.ஆர்.பி. அணையில் இறங்கி வண்டி பரிசலாக மாறட்டும். ஆயுத லாரி மட்டும் ஓசூரில் செய்ததாக இருக்க வேண்டும், பின்னால் 'ஒலி எழுப்புக' என்று எழுதியிருக்க வேண்டும். ஹாரன் அடித்தால்தான் கதவு திறக்கும்!