துருப்பிடித்த காரைத் தொடும் முன்

கொல்லையில் வருடக்கணக்காக நிற்கும் அப்பாவின் அம்பாசிடரை நம் கையாலேயே சரிசெய்து மறுபடி சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. நல்ல ஆசை. துருவைவிட அதிகமாக அதைக் கெடுப்பது வேலையைத் தொடங்கும் வரிசைதான். கிரைண்டரில் ஆரம்பித்து, பெயிண்ட் அடித்து முடித்த பிறகே ஆர்.சி. புத்தகத்தைத் தேடுகிறார்கள். அப்போது ஒரு சிக்கல் தெரியவந்தால், போட்ட பணமும் உழைப்பும் சாலைக்கே வரமுடியாத காரில் முடங்கிவிடும்.

கார் இறந்தவரின் பெயரில் இருந்தால், இறப்பை 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பல வீடுகளில் இந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். அதனால் உரிமை போய்விடாது; தாமதத்துக்கான கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ சம்மதம் மூன்றும் வேண்டும். சம்மதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். கார் இற்றுப்போய் நிற்கும்போது அண்ணன் தம்பிகள் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள். ஓடத் தொடங்கிய பிறகு பங்குப் பேச்சு எழும்.

வெளியாரிடம் வாங்குகிறவர்கள் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தில்லாமல் முழுப்பணத்தைக் கொடுக்கக் கூடாது. விற்பவருக்கும் இது முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். அதை நீக்கப் படிவம் 35 தேவை. கார் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் சரிபார்க்கலாம். பழைய ஆர்.சி. புத்தகங்களின் விவரம் கணினியில் ஏறாமல் இருப்பதும் உண்டு. முதலில் பதிவான அலுவலகத்தில் கேட்டு அதை ஏற்றிய பிறகே கருவிகளைக் கையில் எடுக்க வேண்டும்.

அம்பாசிடர் தேடுகிறவர்கள் ஒரு பொறியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பல அம்பாசிடர்கள் அரசு வாகனங்களாக ஓடியவை. அரசு வாகனங்களின் பதிவு 15 ஆண்டுகளோடு முடிந்துவிடும், அவற்றைப் பதிவுபெற்ற உடைப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகும் அரசுத் துறை பெயரிலேயே நின்ற, 15 வயது தாண்டிய காரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், அதை உங்கள் பெயருக்கு மாற்ற வழியில்லை.

15 வருடம் தாண்டினால் தனியார் காரையும் உடைத்தே ஆக வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் உண்மையில்லை. டெல்லியின் நிலைமை தனி. இங்கே படிவம் 25இல் விண்ணப்பித்து, பசுமை வரி கட்டி, ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். செலவு கூடியிருக்கிறது: 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய். பட்ஜெட் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரின் அடையாளம் உலோகத்தில் பொறித்த சேசிஸ் எண். ஆய்வின்போது அதைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள். துருவைத் தேய்க்கும் வேகத்தில் அந்த எழுத்துகள் கரைந்துபோனால், நேர்மையான உரிமையாளரும் திருட்டு வண்டி வைத்திருப்பவரைப் போல விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். எண் உள்ள பகுதியில் கிரைண்டரே படக்கூடாது. தொடங்குமுன் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தகடே இற்றிருந்தால் வெட்டாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, எழுத்தில் கிடைக்கும் உத்தரவுப்படி செய்யுங்கள்.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எஞ்சின் மாற்ற முன்அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், ஒவ்வொரு முறைகேடான மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வைத்திருக்கிறது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் ஒரு தனி வழி தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. அந்தக் காரில் அன்றாடம் அலுவலகம் போகவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே. தினமும் ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பிப்பே சரி.

காகிதம் தெளிந்த பிறகு துருவுக்கு வரலாம். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அடியில் தனி சேசிஸ் உண்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசிடருக்கும், ஃபியட் 1100இலிருந்து வந்த பத்மினிக்கும் அப்படி இல்லை, பாடியேதான் எலும்புக்கூடு. கதவுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி வடிவத் தகடு, ஸ்பிரிங் பொருந்தும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் முடுக்கிய இடம் மூன்றும் உயிரைத் தாங்குகின்றன. அந்த இடங்களை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், பட்டி தடவி மூடுவது ஏமாற்று. மோதலில் அந்த இடம்தான் முதலில் மடியும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தகட்டின் உட்புறத்திலிருந்தே அரிக்கும் என்பதால், வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே நிறையப் போயிருக்கும். கதவு, பானெட், மட்கார்டு போன்றவற்றில் நீங்கள் கை பழகலாம். அந்த மூன்று இடங்களை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். வெட்டுமுன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே இரும்புக்குழாய் வைத்துப் பிடிக்காவிட்டால் பாடி தொய்ந்து, பிறகு கதவே மூடாது.

பெட்ரோல் டேங்க் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பல ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது என்று நம்பி அதில் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும். டேங்கைக் கழற்றி, அதற்கென்றே வேலை செய்யும் கடைக்கு அனுப்புங்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியையும் கழற்றி வெளியே வையுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பியோ, ஹாலோ பிளாக்கை அடுக்கியோ காருக்கு அடியில் படுக்காதீர்கள். அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். எடைக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் வீட்டுத் தரையில் படியும். தவழும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, கழிவைத் திரட்டி, உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் போங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்வது நம் பட்டறைப் பழக்கம். நுரையீரலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. இந்த வேலையையும் பெயிண்ட் பூத் உள்ள கடைக்குத் தள்ளிவிடச் சொல்வேன். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் கொடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது வாய்ப்பேச்சு போதாது. எந்தத் தகடு, என்ன கனம், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றித் தரும் பாகங்களைப் படமெடுங்கள். செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டம் கடைக்காரருக்கு உரிமை தருகிறது. வண்டியைக் கவனமாக வைத்திருக்கும் கடமையும் அவருக்கு உண்டு. அரைகுறை வேலை, தொலைந்த பாகம், இழுத்தடிப்பு எல்லாம் சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காரை விற்ற தனிநபர் ஏமாற்றியிருந்தால் மட்டும் இந்த வழி பொதுவாக உதவாது. அங்கே காவல் நிலையத்துக்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்கும்தான் போக வேண்டும்; அதற்குக் கையில் இருக்க வேண்டியவை கையெழுத்தான விற்பனை ஒப்பந்தமும் வங்கி வழியாகக் கொடுத்த பணத்தின் ரசீதும்.